உருகுதல் வேறு, உருமாறுதல் வேறு
பாறை உருகி மீண்டும் இறுகுவதே உருமாற்றம் என்று கட்டுரையில் வந்துள்ள வரியை, மாணவர்களும் படிப்பார்கள் என்பதால், திருத்த வேண்டுகிறேன். உருகி இறுகினால் அது தீப்பாறை. உருமாற்றமோ பாறை திடமாக இருக்கும்போதே அதன் கனிமங்கள் சிதைந்து புதியனவாகப் படிகமாவது. ஜார்ஜ் பேரோ என்ற நிலவியலாளர் 1893 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியில் இதைத்தான் காட்டினார்: களிமண் படிவுகளாக இருந்த பாறைகளே, வெப்பம் ஏற ஏற, கரும் அப்பிரகம், கார்னெட், கயனைட் எனப் புதுப்புதுக் கனிமங்களைப் பெற்று, இன்றைய கணிப்பில் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில்லிமனைட்டையும் பெற்றிருந்தன. கார்னெட் உள்ள துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மிளகளவுச் செந்நிற மணிகளைச் சுற்றி அப்பிரகத் தகடுகள் வளைந்து செல்வது வெறும் கண்ணுக்கே தெரியும். அழுத்தம் பாறையை நெரித்த தடம் அது.