பதினாறாம் நாளுக்குப் பிறகு

தருமபுரி மாவட்டத்தில் எங்கள் பாலக்கோட்டுப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பங்காளி வீடுகளிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் சோறும் குழம்பும் வந்துகொண்டே இருக்கும். சொந்தக்காரப் பெண்கள் தெருமுனையிலேயே குரலெடுத்து அழுதுகொண்டு வந்து, இழந்தவளைக் கட்டிப்பிடித்து, போனவன் எப்படிச் சிரித்தான், யாருக்கு என்ன செய்தான் என்பதையெல்லாம் ஒப்பாரியில் சொல்லி அழுவார்கள். பால் தெளிப்பு, படையல், காரியம் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருக்கும். அந்த வேலைகளே துக்கப்பட்டவர்களைத் தனியே விடாமல் பிடித்து வைத்திருக்கும். என் தம்பி இறந்தபோதும் இவற்றில் எந்தக் குறையும் இருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் காலையில் பந்தல்காரர் வந்து, வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, எண்ணிப் பார்த்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை.

நான் எழுத விரும்புவது அந்தப் பதினேழாம் நாளுக்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான். துக்கத்துக்கெல்லாமா கவுன்சலிங் போவார்கள் என்று கேட்பவர்கள் நம் ஊரில் இன்னும் நிறைய இருக்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படிக் கேட்டவள்தான்.

தம்பி சொந்தமாகச் சிறிய லோடு வண்டி வைத்திருந்தான். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளியைச் சேலத்துக்கு ஏற்றிப்போவது அவன் தொழில். 2021 ஐப்பசியில் என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு இருந்தது ஒரே தம்பி. விடியற்காலையில் கிளம்பி, லோடை இறக்கிவிட்டு, முகூர்த்தத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொன்னவனை, நேரமாகிவிடும், இன்று இரவே போய் வந்துவிடு என்று போனில் வற்புறுத்தியவள் நான். இரவு மழை பெய்தது. சேலம் போகும் வழியில், விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பின்னால் வந்த ஒரு லாரி அவன் வண்டியின் மேல் ஏறிவிட்டது. அந்த இறக்கத்தைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஏழு மாதங்கள் நான் நன்றாகத்தான் இருந்தேன் என்று என்னைச் சுற்றியிருந்தவர்கள் சொல்வார்கள். பள்ளிக்குப் போனேன், பாடம் நடத்தினேன், விடைத்தாள் திருத்தினேன். ஆனால் சேலத்துக்குப் போக வேண்டியிருந்தால் அரூர் போய், மஞ்சவாடி கணவாய் வழியாகச் சுற்றிப் போவேன். யாராவது கேட்டால் அங்கே ஒரு வேலை இருக்கிறது என்பேன். அம்மா தினமும் இரவு, அவன் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைப்பார். அதில் யாரும் சாப்பிடுவதில்லை. அப்பா இருட்டும்வரை கொல்லையிலேயே இருந்துவிட்டு, எல்லோரும் படுத்த பிறகு வீட்டுக்குள் வருவார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் அழ வைத்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தோம்.

2022 ஜூனில் பள்ளி திறந்தபோது என் வகுப்புக்கு வந்த ஒரு பையனுக்கு என் தம்பியின் பெயர். வருகைப் பதிவேட்டில் மற்றவர்களைப் பெயர் சொல்லி அழைப்பேன். அவன் முறை வரும்போது "பதினெட்டு" என்று எண்ணைச் சொல்வேன். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பையன் மேசைக்கு அருகில் வந்து, "டீச்சர், என்னை மட்டும் ஏன் நம்பர் சொல்லிக் கூப்பிடறீங்க?" என்று கேட்டான். குழந்தை தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்திருக்கிறான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரக் கடைசியில்தான் நான் உதவி தேடக் கிளம்பினேன்.

முதலில் பார்த்த மருத்துவர் என்னை இரண்டு நிமிடத்துக்குமேல் பேச விடவில்லை. தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை நான் குறை சொல்ல வரவில்லை. மனச்சோர்வு சேர்ந்திருப்பவர்களுக்கு அது தேவைப்படுகிறது, பலரை அது காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் துக்கமும் மனச்சோர்வும் ஒன்றல்ல. இறந்தவர் மேலுள்ள தீராத ஏக்கத்தை மாத்திரை குறைப்பதில்லை. அதற்கென்றே அமைந்த பேச்சு சிகிச்சைதான் குறைக்கிறது என்பது 2016 இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சிகிச்சையை உருவாக்கியவர் கேத்தரின் ஷியர் என்ற மனநல மருத்துவர். பதினாறு அமர்வுகள் கொண்டது அது. பதினாறு என்ற எண் நம்முடையதோடு ஒத்துப்போவது தற்செயல்தான் என்றாலும், முதன்முதலில் படித்தபோது அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். 2005 இல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் தேறினார்கள். துக்கத்துக்கென்று அமையாத, வேறு வகைப் பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் தேறியவர்கள் 28 சதவீதம்.

துக்கப்படுவதே ஒரு நோய் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உறவும் ஊரும் காலமும் துணை நிற்க, பெரும்பாலானவர்கள் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே மெல்ல மெல்ல எழுந்துவிடுகிறார்கள். இறந்த வீட்டார் எல்லோரையும் உடனே கவுன்சலிங்குக்கு அனுப்புவதில் பயன் இருப்பதாகவும் தெரியவில்லை. சிலருக்குத்தான் அது அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. விபத்து, தற்கொலை, பெற்ற பிள்ளையின் சாவு போன்றவற்றில் அந்தச் சிலர் அதிகமாகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பு, 'நீடித்த துக்கக் கோளாறு' என்று இதற்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஏக்கம் ஒருவரின் அன்றாட வாழ்க்கையை முடக்கி வைத்திருந்தால், அதுவும் அவருடைய சமூகமும் சமயமும் இயல்பென்று கருதும் அளவைத் தாண்டியிருந்தால், அதைக் கவனிக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பெரியவர்களுக்கு ஓர் ஆண்டு என்று வைத்திருக்கிறது. தலைத் திதி வரைக்கும் பண்டிகை கொண்டாடாமல் இருக்கும் நமக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது.

நான் போனது ஓசூரில் இருந்த ஒரு மனநல ஆலோசகரிடம். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, ராயக்கோட்டை வழியாகப் பஸ்ஸில் போய்வருவேன். வெளியே தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில், தையல் வகுப்புக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். அந்த ஆலோசகர் என்னைவிட வயதில் சிறிய பெண்ணாக இருந்தார். எனக்கு அறிவுரை சொல்வார், தைரியமாக இருங்கள் என்பார் என்று எதிர்பார்த்து, அதற்குத் தலையாட்டவும் தயாராகப் போயிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க தம்பி பேரு என்னங்க அக்கா?" என்பதுதான். நான் சொன்னேன். ஏழு மாதம் கழித்து என் வாயால் அந்தப் பெயரைச் சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த முதல் நாளில் வேறெதுவும் பேசியதாக நினைவில்லை. (அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அம்மாவைக் கேட்காமல் எழுதக் கூடாது.)

மூன்றாவது நான்காவது முறையிலிருந்து வேலை கடினமானது. கண்களை மூடிக்கொண்டு அந்த இரவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்: போன் எங்கே இருந்தது, யார் எடுத்தார்கள், மருத்துவமனை வாசலில் என்ன செருப்பு போட்டிருந்தேன். நான் சொல்வதை என் போனிலேயே பதிவு செய்து, வீட்டில் ஒவ்வொரு நாளும் ஒரு முறை கேட்டு வரச் சொன்னார். இது கொடுமை என்று முதல் வாரம் நினைத்தேன். மாடியில் துணி காயப்போடும் இடத்தில் உட்கார்ந்து கேட்டு, முடிவதற்குள் நிறுத்திவிடுவேன். மூன்றாவது வாரத்தில் முழுவதும் கேட்க முடிந்தது. கேட்கக் கேட்கத்தான், இவ்வளவு நாளும் அந்த இரவை நான் நினைத்துக்கொண்டிருக்கவில்லை, அதைவிட்டு ஓடிக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

நான் வற்புறுத்தியதைச் சொன்னபோது, "உங்க மேல தப்பில்லை" என்று அவர் சொல்லவில்லை. அதை எனக்குப் பலர் சொல்லியிருந்தார்கள். ஒரு நாளும் அது உள்ளே இறங்கவில்லை. அவர் ஒரு தாளைக் கொடுத்து, அந்த இரவு அப்படி முடிவதற்குக் காரணமான எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். சாலையின் சரிவு. மழை. லாரியின் பாரம். தேய்ந்த பிரேக். மண்டியில் லோடு ஏற்றத் தாமதமான ஒரு மணி நேரம். என் போன். கடைசி வரியை நான்தான் எழுதினேன். அவர் அதை அடிக்கவில்லை, அடிக்கச் சொல்லவும் இல்லை. வற்புறுத்தும்போது உங்களுக்கு இவற்றில் எவையெல்லாம் தெரியும் என்று மட்டும் கேட்டார். நான் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் காதுகுத்துக்கு மாமன் நேரத்துக்கு வர வேண்டும் என்ற ஆசையைத் தவிர அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு சாலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரோடு கணவாய்க்கு முன்னாலிருக்கும் பாளையம் சுங்கச்சாவடி வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த மாதம் பகல் நேரத்தில் சேலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கணவாயைக் கடந்தேன். உள்ளங்கை வேர்த்து, பர்ஸின் பிடி நனைந்துவிட்டது. அந்த இடம் வந்தது, போனது. குரங்குகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தன.

இதற்கு நடுவில் உடன் வேலை செய்யும் ஒருவர், துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று அக்கறையோடு கேட்டார். அந்த ஐந்தையும் 1969 இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி. பின்னால் இருப்பவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டிய படிகளாக அவற்றை ஆக்கிக்கொண்டது பிறகு நடந்தது. எனக்கு உதவியது, 1999 இல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன வேறொன்று: துக்கப்படுபவர் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவார், அந்தப் போய்வருதலே நலமடையும் வழி. ஆண்டுவிழாவில் பிள்ளைகள் ஆடியதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அன்றிரவு முழுவதும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தவளுக்கு இது பெரிய ஆறுதல்.

வெள்ளைக்காரர்களின் பழக்கம் நமக்கு எதற்கு என்று என் பெரியப்பா கேட்டார். அவருக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அதியமான் ஆண்ட தகடூர்தான் நம் தருமபுரி. அவன் இறந்தபோது அவ்வையார் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. செய்வதறியாமல் கை ஓய்ந்து நிற்கும் நிலைக்கு ஒரு துறையே வகுத்து, அதைச் சொல்லாக்கிச் சபையில் வைத்தவர்கள் நாம். மாடு மீட்கப் போய் மாண்டவனுக்குப் பெயரெழுதி நட்ட கற்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் வயற்காடுகளில் இன்றும் நிற்கின்றன. தருமபுரி அருங்காட்சியகத்திலும் வரிசையாக இருக்கின்றன. இறந்தவரைப் பற்றிப் பேசாதே, அழாதே என்பதுதான் நமக்கு இடையில் வந்த பழக்கம். படித்த பெண்கள் ஒப்பாரி வைத்தால் கௌரவக் குறைவு என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். ஆண்களுக்கோ பேசுவதற்கு எப்போதும் இடமே இருந்ததில்லை. எங்கள் தெருவிலேயே, மனைவி போன துக்கத்தை டாஸ்மாக்கில் கரைத்துத் தானும் போய்ச் சேர்ந்தவர் ஒருவர் உண்டு. குடிக்கிறான் என்றுதான் ஊர் பேசியது. அவருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பணம் ஒரு தடை என்பது எனக்குத் தெரியும். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இலவசமாகப் பார்க்கிறார்கள். வட்ட மருத்துவமனைகளுக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போகலாம். 14416 என்ற எண்ணில், போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரிலிருந்து இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த எண்ணை அழையுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்தவர்களுக்குப் பெங்களூரின் நிமான்ஸ் மனநல மருத்துவமனை எட்டும் தூரம். அது இருப்பதே ஓசூர் சாலையில்தான்.

நான் பதினான்கு முறை போனேன். அழுகை நின்றுவிடவில்லை, ஆடிப்பெருக்கு அன்று இன்னும் அழுகிறேன். அம்மாவைக் கூப்பிட்டேன், வர மறுத்துவிட்டார். ஆனால் நான் வீட்டில் அவன் பெயரைச் சொல்லத் தொடங்கிய பிறகு, முதலில் எழுந்து சமையலறைக்குள் போய்விடுபவர், பிறகு நின்று கேட்டார், பிறகு தானும் ஒன்றிரண்டு சொன்னார். 2023 வைகாசியில் குலதெய்வக் கோயிலில் மகளுக்குக் காது குத்தினோம். சித்தப்பா மகன், அவனும் தாய்மாமன் முறைதான், மணையில் உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைக்கப் போகும் நேரத்தில் அம்மா பையிலிருந்து ஒரு புது வேட்டியை எடுத்தார். அந்த ஐப்பசிக் காதுகுத்துக்காகத் தம்பிக்கு வாங்கி, மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடந்தது. அதை அவன் மடியில் விரித்து, "உங்க மாமன் வேட்டி கண்ணு, உட்காரு" என்றார். பெயரையும் சொன்னார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அப்பா கூட்டத்துக்குப் பின்னால் நிற்காமல் பக்கத்தில் வந்து நின்றார்.

பாலக்கோடு, காரிமங்கலம், மாரண்டஅள்ளிப் பக்கத்தில் யாருக்காவது முதல் தடவை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். சனிக்கிழமைகளில் எனக்குப் பள்ளி இல்லாத நாள்களில் நான் கூட வருகிறேன். உள்ளே வர மாட்டேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.