படம் எடுத்தவருக்கே உரிமை
“டூர்ல வாடகைக்குத் தங்கின வீட்டை நாமே படம் எடுத்து ரிவ்யூல போட்டா காப்புரிமை மீறல், ஓனர் நினைச்சா அழிச்சிடலாம்”னு மேலே கமெண்ட்ல எழுதியிருக்கீங்க சார். ரெண்டுமே தப்பு.

முதல்ல, காப்புரிமைங்கிறது கண்டுபிடிப்புகளுக்கு. இங்க பேச வேண்டியது பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு போட்டோவுக்கு ஆசிரியர், அதாவது படைப்பாளி, அதை எடுத்தவர்தான். கட்டில் ஓனரோடது, அதுக்காகப் படம் அவரோடது ஆகிடாது. ஓனர் போட்டிருக்கிற விளம்பரப் படத்தை எடுத்து நம்ம ரிவ்யூல ஒட்டினா, அப்போ நீங்க சொல்ற உரிமை மீறல் பொருந்தலாம்.

அடுத்தது அழிக்கிறது. கூகுள் மேப்ல ஓனர் பதில் எழுதலாம், விதிமீறல்னு ரிப்போர்ட் பண்ணலாம். தூக்குறதா வேண்டாமான்னு முடிவு பண்றது கூகுள்.

கொடைக்கானல்ல நாங்க தங்கின ஒரு காட்டேஜ்ல, கட்டிலை நகர்த்தினா சுவர் முழுக்கப் பூஞ்சை, தலையணை உறை வரைக்கும் ஈர வாடை. விளம்பரத்துல அதே சுவர் பளிச்சுனு இருந்துச்சு. படத்தோட போட்டேன். ஓனர் “மழைக்காலம்”னு பதில் போட்டார், அவ்வளவுதான். ரிவ்யூ இன்னும் இருக்கு.

ஏர்பிஎன்பில புக் பண்ணிருந்தா ரிவ்யூ வரைக்கும் காத்திருக்காதீங்க. பிரச்சினை தெரிஞ்ச 72 மணி நேரத்துக்குள்ள படத்தோட புகார் சொல்லணும், ரீஃபண்ட் கேட்க அதுதான் வழி.

ஆனா பக்கத்து வீட்டுக் குழந்தைங்க முகம், சாவிப்பெட்டியைத் திறக்கிற நம்பர் இதெல்லாம் படத்துல விழாம பார்த்துக்கோங்க. நான் முதல்ல எடுத்ததுல வைஃபை பாஸ்வேர்ட் ஒட்டின தாளே இருந்துச்சு, வெட்டிட்டுத்தான் போட்டேன்.