மழையை விட அந்த அம்மைக் காலம்

பாதர், கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து மறைப்பணி செய்த குரு யோசப் வாஸ் அடிகளார் கண்டியில் மழைக்காக ஜெபித்ததைத்தான் உங்கள் ஞாயிறு தியானக் கட்டுரையில் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். சரி, பிரசங்கத்துக்கு எடுப்பான விஷயம்தான். எனக்கென்னவோ 1697 அம்மை நோய்க் காலம்தான் பெரிதாகப் படுகிறது. அரசர் முதல் பலர் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடிகளார் அங்கே போய்ப் புண்ணைக் கழுவினார், செத்தவர்களை அடக்கம் செய்தார். அதுவும் 1692இல் ஒற்றன் என்று தன்னைப் பிடித்துச் சிறையில் போட்ட அதே ஊரில்!

கொரோனா நேரம் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஒரு காம்பராவை, அதாவது ஒரு குடும்பம் இருக்கும் அறையை, ஒதுக்கி வைத்தபோது, பக்கத்துக் காம்பரா அக்கா மட்டும் ரொட்டியும் தேத்தண்ணியும் கொண்டுபோய் வாசற்படியில் வைப்பார். மாதா கோயில் பக்கமே வராதவர். அவரைப் போன்றவர்களைப் பற்றியும் ஒரு ஞாயிறு எழுதுங்கள், பாதர்.