குற்றவாளிக் கூண்டில் நானும்
சிங்கப்பூரின் கேத்தே திரையரங்குகள் 2025ல் மூடப்பட்டதற்கு என்னைப் போல வீட்டிலேயே படம் பார்ப்பவர்கள்தான் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஓரளவு சரிதான், ஆனால் அரங்குகளின் வாடகையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நான் ஒன்றும் தியேட்டர் விரோதி இல்லை, மெக்கன்சி ரோடு ரெக்ஸ் தியேட்டரில் தமிழ்ப் படத்துக்கு வரிசையில் நின்றவன்தான். இப்போது நாலு பேர் போனால் டிக்கெட், பாப்கார்ன், திரும்பி வர டாக்சி என்று நூறு வெள்ளி கிட்டப் போய்விடுகிறது, அதிலும் முன் சீட்டுக்காரர் போன் வெளிச்சம் கண்ணைக் குத்தும்.

கேபிள் டிவி இன்னும் மோசம். இரண்டு வருட ஒப்பந்தம், நாங்கள் பார்த்ததோ இரண்டே தமிழ்ச் சேனல், நடுவில் நிறுத்தப் போனால் அபராதம் கட்டச் சொன்னார்கள். கட்டித் தொலைத்தேன்.

இப்போது அம்மா மீவாட்ச் இணையத் தளத்தில் வசந்தம் சேனலின் தமிழ் நாடகம் பார்க்கிறார், காசே இல்லை. குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போவார், வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எந்தத் தியேட்டரில் இது நடக்கும்?

ஒரு குறை உண்டு. ஹீரோ வரும்போது விசிலடிக்க முடியாது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டிவிடுவார்.