கண்ணகி நகரும் ‘ரத்தத்தில் ஊறிய’ குற்றமும்
சென்னையில் குடிசைவாசிகளை மறுகுடியமர்த்திய பகுதியான கண்ணகி நகரைப் பற்றி, “கண்ணகி நகர்ல கேஸ் அதிகம், அது அவங்க ரத்தத்துலயே இருக்கு” என்று சொல்வது தவறு. வழக்கு எண்ணிக்கை என்பது போலீஸ் எங்கே அதிகம் தேடுகிறது என்பதையும் சேர்த்தே காட்டும். 2000 முதல் சென்னை நகருக்குள்ளிருந்த குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களைக் கண்ணகி நகரில் குடியமர்த்தினார்கள். அவர்கள் செய்துவந்த வீட்டு வேலை, சுமை தூக்குதல் எல்லாம் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. போய்வரும் செலவிலேயே கூலியில் ஒரு பங்கு கரையும். முகவரியைப் பார்த்ததும் வேலை மறுப்பது தனிக்கதை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1938-லேயே விளக்கியது இதைத்தான்: ஆசையை எல்லோருக்கும் காட்டி, வழியைச் சிலருக்கு மட்டும் திறந்தால், அடைபட்டவர்களில் சிலர் குறுக்குவழி தேடுவார்கள். சிலர்தான், வறுமை மட்டுமே காரணமென்றால் பாதி ஊர் சிறைக்குள் இருக்கணும்.

ஒருமுறை வழக்கில் சிக்கியவருக்கு வழி இன்னும் அடைபடும். வாடிக்கையாகக் குற்றம் செய்பவர் என்று கருதப்படுபவரிடம் பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 129-இன் கீழ், ஒழுங்காக நடப்பேன் என்று 3 ஆண்டு வரை நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கலாம். செக்யூரிட்டி வேலைக்குக்கூட போலீஸ் சரிபார்ப்பு கேட்பார்கள், அதில் பழைய கேஸ் வந்து நிற்கும்.