சக்கரம் இருந்தால் வண்டி ஆகிவிடுமா?

"அடியிலதான் வீல் இருக்கே, அப்படியே தள்ளி ஏத்திடலாம்." பட்டறைக் கருவிகளை வைக்கிற பெரிய டிராயர் பெட்டி, அதாவது டூல் செஸ்ட் ஒன்று இடம் மாறும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வீல்கள் பட்டறைத் தரைக்கானவை. சமமான, வழவழப்பான தரையில் நாலடி இப்படி, நாலடி அப்படி நகர்த்துவதற்குத்தான் அவை. லாரிக்கும் சரிவுப் பலகைக்கும் நெடுஞ்சாலைக் குலுக்கலுக்கும் தாங்குமென்று யார் சொன்னது?

எடையில் தொடங்குவோம். பெரிய பெட்டி காலியாகவே 100 கிலோவைத் தாண்டும். சாக்கெட், ஸ்பேனர், சுத்தியல், புல்லர் எல்லாம் நிரம்பினால் 300 கிலோ சர்வ சாதாரணம். இந்த 300 கிலோவை 90 செ.மீ. உயரத்தில் இருக்கும் லாரித் தளத்துக்கு 2.4 மீட்டர் பலகை போட்டுத் தள்ளுகிறார்கள். சரிவில் அது கீழே இழுக்கும் விசை மட்டும் சுமார் 112 கிலோ எடைக்குச் சமம். இரண்டு பேர் தம் கட்டித் தள்ளும்போது ஒருவருக்குக் கால் வழுக்கினால் போதும், மற்றவர் மேல் பெட்டி வந்து உட்காரும். பலகை 3.6 மீட்டராக இருந்தால் அதே விசை 75 கிலோவாகக் குறையும். அப்போதும் கையால் தள்ளுவது தப்புத்தான். மேலே லாரியில் கை வின்ச், அதாவது கையால் சுற்றி இழுக்கும் உருளை மாட்டி, பெல்ட்டைப் பெட்டியின் அடிச்சட்டத்தைச் சுற்றிப் போட்டு இழுக்க வேண்டும். பக்கத்துக் கைப்பிடியில் மாட்டாதீர்கள்! அது தகட்டில் நாலு ஸ்க்ரூவில் நிற்கிற சமாச்சாரம். தள்ளத்தான் அது, தூக்க அல்ல, இழுக்கவும் அல்ல. ஏற்றும்போதும் சரி, இறக்கும்போதும் சரி, பெட்டிக்குக் கீழ்ப்பக்கம் ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது.

பலகையும் லாரித் தளமும் சேருமிடத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலே முன் வீல் அதில் இறங்கி மாட்டிக்கொள்ளும். பெட்டி நின்றுவிடும், மேல் பாதி நிற்காது. அந்த இடைவெளியின் மேல் ஒரு இரும்புத் தகடு போட்டு, நழுவாமல் பிடிக்க வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குக்கூடப் பொறுமை இல்லை.

அடுத்த வசனம், "டிராயரைப் பூட்டியாச்சு, காலி பண்ண வேணாம்." பூட்டு இருப்பது திருட்டுக்கு. உள்ளே ஒரு மெல்லிய கம்பி, அதில் டிராயருக்கு ஒன்றாகச் சின்னத் தகட்டுக் கொக்கி, பெரும்பாலான பெட்டிகளில் அவ்வளவுதான். சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 12195-1, லாரி பிரேக் போடும்போது சரக்கின் எடையில் 0.8 பங்கு விசை முன்பக்கமாகவும், பக்கவாட்டில் 0.5 பங்கும் வருமென்று வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. 40 கிலோ நிரம்பிய ஒரு டிராயரில் அது 32 கிலோ. ஒரே பிரேக்கில் எல்லா டிராயரும் சேர்ந்து அந்தக் கம்பியை இழுக்கின்றன. கம்பி வளைந்து ஒரு டிராயர் வெளியே வந்தால் பெட்டியின் கனம் முன்னால் நகர்ந்து, பெட்டியே கவிழும்.

கவிழ்வதற்கும் கணக்கு இருக்கிறது. பெட்டியின் ஆழம் 46 செ.மீ. என்றால் பாதி 23. கனத்தின் மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருந்தால் 23-ஐ 55-ஆல் வகுக்க வேண்டும், 0.42. ஆழத்தின் திசையில் எடையில் 0.42 பங்கு விசை வந்தாலே சாயத் தொடங்கும், பிரேக்குக்கு வைத்த கணக்கோ 0.8. மேல்பெட்டியையும் ஏற்றிவைத்தபடியே கொண்டுபோனால் மையம் 90 செ.மீ.க்குப் போகும், அப்போது வெறும் 0.26 போதும். பல மேல்பெட்டிகள் கீழ்ப்பெட்டி மேல் சும்மா உட்கார்ந்திருப்பவை, போல்ட்டுகூட இருக்காது. அதைப் பிரித்துத் தனியாகத்தான் ஏற்ற வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

காலி செய்வதிலும் ஒரு கோளாறு நடக்கிறது. குனிந்தபடி ஒரேயடியாக முடித்துவிடலாமென்று கீழ் டிராயரிலிருந்து தொடங்குகிறார்கள். கீழே கனம் குறையக் குறையப் பெட்டி தலைகனத்து நிற்கும், அந்த நிலையில் மேல் டிராயரை முழுக்க இழுத்தால் மூஞ்சியில் விழும். மேலிருந்து கீழே வாருங்கள், ஒரு நேரத்தில் ஒரு டிராயர்தான் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, சாமானைச் சின்னப் பெட்டிகளில் பிரியுங்கள். ஒரு பெட்டி 20 கிலோவைத் தாண்டக் கூடாது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை அளவுகோலின் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி அதன் உறையிலேயே வையுங்கள். லித்தியம் பேட்டரியும் ஸ்ப்ரே டப்பாவும் தனிப் பெட்டியில், வெயில் படாத இடத்தில். எண்ணெய் டப்பா நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

பெட்டி இன்னும் கனமாக இருந்தால் டிராயரையே கழற்றிவிடலாம். டிராயர் ஓடுகிற இரு பக்கத் தண்டிலும், அதாவது ஸ்லைடிலும் சின்ன பிளாஸ்டிக் நெம்பு இருக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் மேலே தூக்க வேண்டும், மறுபக்கம் கீழே அழுத்த வேண்டும். டிராயரின் பின்புறம் எண் எழுதுங்கள். டிராயர் உள்ளேயே இருந்தால் பெட்டியைச் சுற்றி ஸ்ட்ரெச் ரேப் என்கிற இழுபடும் பிளாஸ்டிக் தாள் நாலைந்து சுற்று, அதற்கு மேல் போர்வை. பெயிண்ட் மேல் நேரடியாக டேப் ஒட்டுகிறவர்களை என்னவென்று சொல்வது! வெயிலில் அந்தப் பசை இளகிப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது கட்டுவதற்கு வருவோம். இங்கேதான் எனக்கு அதிகக் கோபம். பெட்டியை வீலில் நிறுத்தி, பிரேக்கைக் காலால் மிதித்துவிட்டு, தலைக்கு மேல் ஒரே ஒரு பெல்ட்டைப் போட்டு அதை இறுக்கும் ராட்செட் பிடியை முறுக்கு முறுக்கென்று முறுக்குகிறார்கள். மேலிருந்து அழுத்தும் கட்டு உராய்வை நம்பி வேலை செய்வது. உருளும் வீலில் உராய்வு ஏது? வீல் பிரேக் பட்டறையில் பெட்டி நகராமல் இருக்கத்தான், அதுவும் பல பெட்டிகளில் இரண்டு வீலுக்கு மட்டுமே. முறுக்கிய விசையெல்லாம் வீலின் கவட்டையிலும் நாலு போல்ட்டிலும் இறங்கும். மேல்தகடு குழிந்துபோகும், கவட்டை கோணலாகும். பிறகு பட்டறையில் பெட்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு ஓடும்.

கனம் வீலில் இருக்கவே கூடாது. வீல்களைக் கழற்றி, அதே போல்ட் துளைகள் வழியாக அடிச்சட்டத்தைப் பேலட்டில், அதாவது சரக்கு ஏற்றும் மரத்தட்டில் நீளமான போல்ட்டால் இறுக்குவதுதான் சரியான வழி. வீல் தகடு ஒன்றுக்கு நாலு போல்ட், நாலு வீலுக்கு மொத்தம் 16, வாஷரோடு. கழற்ற முடியாவிட்டால் வீலின் மொத்த உயரத்தை அளந்து, அதைவிட ஒரு செ.மீ. கூடுதலாக மரக்கட்டைகளை அடிச்சட்டத்தின் ஓரங்களுக்குக் கீழே கொடுத்து, வீல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். கட்டைகளைத் தளத்தோடு ஆணியடித்து நிறுத்துங்கள். பேலட்டைத் தூக்கும் கைவண்டியான பேலட் ஜாக்கின் கரம் அடித்தகட்டின் நடுவில் படக் கூடாது, நடுத்தகடு மெலிது. குறுக்கே ஒரு தடித்த பலகை வைத்துச் சட்டத்தில்தான் தூக்க வேண்டும்.

டிராயர் முகம் லாரியின் முன்சுவரைப் பார்த்திருக்கட்டும், இடையில் ஒரு பிளைவுட்டும் போர்வையும். பூட்டு தோற்றாலும் டிராயர் வெளியே வர இடம் இருக்காது. பெல்ட் இரண்டு வேண்டும். ஒன்று கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், இன்னொன்று மேல் மூன்றில் ஒரு பங்கில், உடலைச் சுற்றிச் சுவரின் கொக்கிகளுக்கு. மூலைகளில் அட்டை அல்லது ரப்பர். பெல்ட்டில் எழுதியிருக்கும் தாங்கும் அளவைப் படியுங்கள். அறுபடும் எடையைப் பெரிதாகப் போட்டு விற்பார்கள், வேலைக்கு உரிய அளவு அதில் பாதியோ மூன்றில் ஒன்றோதான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். போர்வை அமுங்கி பெல்ட் தளர்ந்திருக்கும்.

படுக்கவைத்துக் கொண்டுபோகும் புத்திசாலிகளும் உண்டு. சாமானோடு மல்லாக்கப் படுக்கவைத்தால் மொத்தமும் டிராயரின் பின்தகட்டில் இறங்கும், ஸ்லைடு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. நெளிந்த ஸ்லைடை நிமிர்த்தவே முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

தயாரிப்பாளர்களுக்கும் கேள்வி இருக்கிறது. இவ்வளவு பெரிய பெட்டி செய்கிறீர்களே, அடிச்சட்டத்தில் பெல்ட் கொக்கி மாட்ட நாலு துளை போட என்ன கேடு? ஜாக்கின் கரத்தை எங்கே கொடுக்கலாம் என்று ஒரு குறி அச்சடித்தால் என்ன? காலி எடையைப் பின்புறம் ஒரு ஸ்டிக்கரில் எழுதினால் என்ன?

போய்ச் சேர்ந்த பிறகும் அவசரப்படாதீர்கள். கழற்றிய டிராயரைத் திருப்பிப் போடுமுன், ஸ்லைடுக்குள் பேரிங் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு இரண்டு பக்கமும் முன்னால் வந்து நிற்கிறதா பாருங்கள். பின்னால் தங்கியிருக்கும்போது முட்டித் தள்ளினால் கூடு நசுங்கிக் குண்டுகள் உதிரும், அத்தோடு அந்த ஸ்லைடு போச்சு. வீல் போல்ட்டுகளை இறுக்கி, நாலு வீலும் தரையைத் தொடுகின்றனவா பார்த்து, பிறகு சாமானைக் கீழ் டிராயரிலிருந்து மேலாக நிரப்புங்கள்.