ஒரு காருக்கு மூணு செல்ஃப்

ஒரே கோடையில் ஒரே வண்டிக்கு மூன்று ஸ்டார்ட்டர் மோட்டார் மாட்டிக் கழற்றியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். மசில் கார் (பெரிய எஞ்சின் போட்ட பழைய அமெரிக்க வேகக் கார்) எஞ்சினை ரீபில்டு பண்ணிக்கொண்டிருக்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி 1970 ஷெவர்லே ஷெவெல், எஞ்சின் 350 கன அங்குல வி-8. டெட்ராய்ட் பக்கம் குடிவந்த புதிதில் ஆகஸ்ட் மாதம் வுட்வார்ட் அவென்யூவில் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் பார்க்கப் போய்ப் பிடித்த பைத்தியம் இது. போன குளிர்காலம் முழுக்க எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கேம்ஷாஃப்ட் மாற்றி, கையில் இருந்ததையெல்லாம் கரைத்தாகிவிட்டது. கடைசியில் ஒரு ஸ்டார்ட்டர்தானே பாக்கி என்று அசால்ட்டாகக் கடைக்குப் போனேன்.

கவுண்டரில் வருஷம் கேட்டார்கள், மாடல் கேட்டார்கள், எஞ்சின் கேட்டார்கள். பல் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு எனக்கும் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

ஸ்டார்ட்டரின் பல் கடித்துச் சுற்றும் பெரிய பல்சக்கரம்தான் ரிங் கியர். என்னுடையது மாதிரி ஷெவி ஸ்மால் பிளாக் எஞ்சினில் அது இரண்டு அளவில் வரும். 12¾ அங்குல விட்டத்தில் 153 பல், 14 அங்குலத்தில் 168 பல். சின்னதற்குப் போகும் ஸ்டார்ட்டரில் இரண்டு போல்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். பெரியதற்கு ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று சாய்வாக இருக்கும். என் வண்டியில் முதலில் இருந்தது 153. எஞ்சின் கட்டிய மெஷின் ஷாப்காரர் ரிங் கியரைத் தாங்கும் தகடான பழைய ஃப்ளெக்ஸ்பிளேட்டில் விரிசல் பார்த்து 168 போட்டிருக்கிறார். பில்லில் ஒரு வரியாக அதை எழுதியும் இருக்கிறார். நான் பார்த்தது கூட்டுத்தொகையை மட்டும். விளைவு, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து ஒன்பது கிலோ இரும்பை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்தால் அது ரிங் கியரில் இடித்துக்கொண்டு நிற்கிறது, உட்காரவே மாட்டேன் என்கிறது. அந்தப் பெட்டியில் ஆயுள் வாரண்டி என்று வேறு போட்டிருந்தது. மாற்றித் தருவது ஸ்டார்ட்டரைத்தான், என் சனிக்கிழமையை இல்லை.

இரண்டாவது, எல்லோரும் செய்யும் தப்பு. பளபளவென்று ஒரு மினி ஸ்டார்ட்டர், பெட்டி மேலே கொட்டை எழுத்தில் குதிரைத் திறன். உள்ளே கியர் ரிடக்‌ஷன், அதாவது சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றும், பல்சக்கரம் அந்த வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையாக்கித் தரும். இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. கிறைஸ்லர்காரன் 1962-லேயே போட்டுவிட்டான். பழைய டாட்ஜ், பிளிமத் சாவி திருப்பும்போது குதிரை கனைக்கிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அதுதான்.

மினி ஸ்டார்ட்டரைக் குறை சொல்லவில்லை. எடை பாதி. எஞ்சினோடு போல்ட் போடும் பகுதியான மூக்கைத் திருப்பி மாட்டலாம், ஹெடர் என்ற எக்ஸாஸ்ட் பைப்பிலிருந்து தள்ளி நிற்கும். 454 பிக் பிளாக் என்ற பெரிய எஞ்சின், 11-க்கு மேல் கம்ப்ரஷன், ஹெடர் என்று வைத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கலாம். ஆனால் என்னுடையது 9.5 கம்ப்ரஷன், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகக் கரண்ட்டை வெட்டும் பழைய கால ஸ்விட்ச்) வைத்த டிஸ்ட்ரிப்யூட்டர். அங்கேதான் மாட்டினேன். வண்டியோடு வந்த பழைய டெல்கோ ஸ்டார்ட்டரின் சொலினாய்டில் (பல்லைத் தள்ளி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் மின்காந்த ஸ்விட்ச்) ஆர் என்று ஒரு முனை உண்டு. பாயிண்ட் வண்டியில் இக்னிஷன் காயிலுக்குப் போகிற கரண்ட்டை ஒரு ரெசிஸ்டன்ஸ் வயர் குறைத்துத்தான் அனுப்பும். சாவியை ஸ்டார்ட்டில் வைத்திருக்கும்போது மட்டும் இந்த ஆர் முனை வழியாக பேட்டரியின் முழு வோல்ட் நேராகக் காயிலுக்குப் போகும். நான் வாங்கிய மினியில் அந்த முனையே இல்லை! எஞ்சின் ஜோராகச் சுற்றுகிறது, பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறது. கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டு அதையும் ஒரு நாள் பிரித்துப் போட்டேன். எச்.இ.ஐ. என்ற எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிப்யூட்டருக்கு மாறியவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாத பிரச்சினைக்கும் எல்லோரும் ஸ்டார்ட்டரையே திட்டுகிறார்கள். தாமிரம் 100 டிகிரி சூடேறினால் மின்தடை சுமார் 40 சதவீதம் கூடும். எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும் சொலினாய்டுக்கு இழுவை குறைந்துபோகும். அதோடு ஐம்பது வருஷத்துப் பழைய வயர், சாவி ஸ்விட்ச், ஃபயர்வால் கனெக்டர் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிட்டால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டரை எடுத்து, ஒருவரை சாவி திருப்பச் சொல்லி, பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஸ்டார்ட்டரில் பேட்டரி கேபிள் மாட்டும் போல்ட்டுக்கும் நடுவில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளைப் பாருங்கள். எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எனக்கு அந்த எர்த் பக்கம்தான் எகிறியது. பெயின்ட் அடித்த பிளாக்கின் மேலேயே எர்த் கேபிளை முறுக்கியிருந்த புத்திசாலி யார் என்று சொல்ல மாட்டேன்.

நம்ம ஊர் மெக்கானிக் யாரும் ஸ்டார்ட்டர் என்று சொல்வதில்லை. செல்ஃப்தான். ‘செல்ஃப் எடுக்கல’, ‘செல்ஃப் அடிச்சுப் பாரு’. ஹேண்டில் போட்டுச் சுற்றிய காலத்தில், 1912 காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளரின் மின்சார மோட்டார் வந்தபோது அதற்கு செல்ஃப்-ஸ்டார்ட்டர் என்றுதான் பெயர். இங்கே அமெரிக்கர்கள் முன்பாதியைத் தொலைத்துவிட்டார்கள், நாம் பின்பாதியை. சில விநாடி மட்டும் ஓடப்போகிற மோட்டார்தானே, அதன் சக்திக்கு மீறிக் கரண்ட்டை ஏற்றினாலும் தாங்கும் என்பதுதான் அந்த மனிதர் பிடித்த சூட்சுமம். அதனால்தான் சொல்கிறேன், அரை நிமிஷம் விடாமல் அடித்தால் எந்தச் செல்ஃபும் வேகத்தான் செய்யும்.

மூன்றாவது, வண்டியோடு வந்த அதே பழைய டெல்கோ. நல்லவேளை, தூக்கிப் போடவில்லை. பக்கத்து ஊரில் ஆர்மேச்சர் கடைந்து தரும் வயசான ஒருவரிடம் கொண்டுபோனேன். கார்பன் பிரஷ், புஷ், பெண்டிக்ஸ் (ரிங் கியரைக் கடிக்கும் பினியன் பல்சக்கரம் உள்ள பகுதி), சொலினாய்டு எல்லாம் மாற்றி, மூக்கை மட்டும் கழற்றி 168 பல்லுக்கான வார்ப்பிரும்பு மூக்கு போட்டார். ஆர் முனை அப்படியே இருந்தது. நான் கிளம்பும்போது, “முன்பக்க பிராக்கெட் எங்கே?” என்று கேட்டார். ஸ்டார்ட்டரின் முன் நுனியை பிளாக்கோடு பிடித்து வைக்கும் சின்னத் தகடு அது. கழற்றுகிறவர்கள் முதலில் தொலைப்பது அதைத்தான். அது இல்லாமல் அத்தனை எடையும் இரண்டு போல்ட்டில் தொங்கும், ஒருநாள் ஸ்பார்க் டைமிங் முந்தி எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மூக்கு உடையும், இல்லை பிளாக்கின் காதே பிய்ந்துவிடும். போல்ட்டும் ஹார்ட்வேர் கடை போல்ட் ஆகாது, நடுவில் ரம்பப்பல் மாதிரி சொரசொரப்பு வைத்தது வேண்டும், மோட்டாரைச் சரியான இடத்தில் நிறுத்துவது அந்தச் சொரசொரப்புதான்.

மாட்டியபின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பினியனை ஸ்குரூ டிரைவரால் ரிங் கியருக்குள் தள்ளி, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பைப் பல் இடுக்கில் விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. ஸ்டார்ட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஷிம் என்ற மெல்லிய தகடு ஒன்று வைத்தேன், சிரமமில்லாமல் நுழைந்தது. எஞ்சின் பிடித்துச் சாவியை விடும்போது வீல் என்று கத்தினால் பல் நெருக்கம், ஷிம் வேண்டும். பிடிப்பதற்கு முன் சுற்றும்போதே கத்தினால் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஆகஸ்டில் வுட்வார்டில் நெரிசலில் நாலு தடவை அணைத்து அணைத்து எடுத்தேன். நாலு தடவையும் எடுத்தது.

153 பல்லுக்கான மூக்கு ஒன்று என் கராஜில் சும்மா கிடக்கிறது. முதலில் ரிங் கியரை எண்ணிவிட்டு, வேண்டியவர்கள் கேளுங்கள்.